வேலி இரண்டடிக்கு மேல் உயரக்கூடாது: ஒடுக்குமுறை உலகக் கதை எழுத வருவோருக்கு

கொடுங்கோல் ஆட்சி ஒன்றைக் கற்பனை செய்து எழுதும் ஆசை யாழ்ப்பாணத்தில் புதிதாக எழுத வருகிற பலருக்கு இருக்கிறது. சிற்றிதழ் ஒன்றுக்கு வரும் கதைகளை வாசித்துத் தெரிவுசெய்கிற ஆள் என்பதால் அவற்றில் கணிசமானவை என் மேசைக்கும் வருகின்றன. அநேகமாக எல்லாம் ஒரே அச்சு. ஆண்டு 2150. கண்ணாடிக் கூரை போட்ட நகரம். திரையில் மட்டும் தோன்றும் தலைவர். வானம் முழுக்க ட்ரோன். இருபத்திரண்டு வயதுக் கதாநாயகன் ஒருநாள் ‘உண்மை’யைக் கண்டுபிடிக்கிறான்; கடைசிப் பக்கத்தில் கோபுரம் எரிகிறது. எழுதிய பிள்ளையோடு கதைத்துப் பார்த்தால், அவளுடைய அம்மம்மா போர்க்காலத்தில் இரண்டு மூன்று தரப்புகள் கொடுத்த பயண அனுமதிப் பாஸ்களை இன்னும் ரங்குப் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். அந்தப் பெட்டி கதைக்குள் வரவேயில்லை.

இப்படிப்பட்ட கதை எழுத உட்காருகிறவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. தலைவரை விடுங்கள். கோபுரத்தையும் விடுங்கள். ஒரே ஒரு விதியைப் பிடியுங்கள். அந்த விதி ஒரு வளவுக்குள்ளும் கிணற்றடிக்குள்ளும் அடுக்களைக்குள்ளும் என்ன செய்கிறது என்று பின்தொடருங்கள். நான் சொல்லப்போவது முழுக்க இதுதான். கீழே உள்ளவை அதைச் செய்யும் முறை.

முதல் வேலை: வாசிப்பது, அதுவும் களவெடுக்கிற கண்ணோடு

மூன்று நாவல்கள் போதும். கதையை ரசிக்க ஒருமுறை, பொறிமுறையைக் கழற்றிப் பார்க்க ஒருமுறை என்று ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசியுங்கள்.

யெவ்கெனி ஸமியாத்தினின் ‘நாம்’ முதலாவது. 1920, 21 காலத்தில் ரஷ்யாவில் எழுதப்பட்டு, 1924 இல் நியூயோர்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. அவருடைய சொந்த நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸமியாத்தின் கப்பல் கட்டும் பொறியியலாளர். முதலாம் உலகப்போர்க் காலத்தில் ரஷ்யாவுக்காகப் பனிக்கட்டி உடைக்கும் கப்பல்கள் கட்டுவதை மேற்பார்வை செய்ய இங்கிலாந்து போயிருந்தவர். நாவலின் உலகமும் ஒரு பொறியியலாளன் போட்ட கணக்குப் போலவே ஒழுங்காக இருக்கும். ஆட்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். வீடுகள் எல்லாம் கண்ணாடி. திரைச்சீலையை இறக்க வேண்டுமானால் அதற்கென்று நேரம் உண்டு, இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்றும் வேண்டும். பென்சிலால் கோடு போட வேண்டிய இடம் அந்தச் சீட்டு. மறைவைத் தடைசெய்கிற அரசை யாரும் கற்பனை செய்வார்கள். மறைவைக் கூப்பனுக்குக் கொடுக்கிற அரசைக் கற்பனை செய்ய ஸமியாத்தின் வேண்டியிருந்தது. சங்கக்கடையில் கூப்பனுக்குச் சீனி எடுத்த தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: கதைசொல்லி டி-503 கிளர்ச்சிக்காரன் அல்லன். அரசை மனதார நேசிப்பவன். தன் நாட்டின் பெருமையை வேறு கிரகத்தவருக்குச் சொல்லத்தான் எழுதத் தொடங்குகிறான். சந்தோஷமாக இருக்கிற ஒருவனிடம் கதையைக் கொடுத்துப் பாருங்கள், எவ்வளவு இலகுவாக ஓடுகிறது என்று தெரியும்.

அடுத்தது ஜோர்ஜ் ஓர்வெலின் ‘1984’. 1949 யூன் 8 இல் வெளியானது. ஸமியாத்தினின் நாவலைப் பற்றி ஓர்வெல் 1946 இல் மதிப்புரை எழுதியிருக்கிறார் என்பதையும் நினைவில் வையுங்கள்; இந்த வகை எழுத்தில் கடன் வாங்குவது வெட்கமில்லை. இங்கே வீட்டுக்குள்ளேயே ஆளைக் கண்காணிக்கும் தொலைத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம், அதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கதாநாயகன் வின்ஸ்ரன் நாட்குறிப்பு எழுத உட்காரும் மூலையைப் பாருங்கள். அறை கட்டப்பட்ட விதத்தில் ஏதோ வழமைக்கு மாறாக இருந்ததால் திரைக்கு எட்டாத ஒரு சின்னக் குழிவு அங்கே இருக்கிறது. முழுக் கதையும் அந்தக் கட்டடப் பிசகால்தான் தொடங்க முடிகிறது. ஓர்வெல் பிரித்தானியரின் பொலிஸ் அதிகாரியாகப் பர்மாவில் ஐந்து வருடம் இருந்தவர். அதிகாரத்தை அதன் காக்கிச் சட்டைக்குள் இருந்து பார்த்தவர் என்பது எழுத்தில் தெரியும்.

மூன்றாவது ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’, 1953. வெ. ஸ்ரீராமின் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. புத்தகம் எரிக்கும் தீயணைப்புப் படையைப் பற்றிய நாவல். யாழ்ப்பாணத்து வாசகர் இதில் ஒரு கண்ணியில் விழுவார். வாசிக்கும்போதே மனம் 1981 மே 31 இரவுக்கு ஓடிவிடும்; பொது நூலகமும் அதோடு எரிந்த ஏறத்தாழ 97,000 புத்தகங்களும் ஏடுகளும் கண்முன் வந்துவிடும். ஓடுவது இயல்பு. ஆனால் பிராட்பரியின் தீயணைப்புத் தலைவன் சொல்லும் கதை வேறு: அங்கே சனம் முதலில் தாமாகவே வாசிப்பைக் கைவிட்டது, எரிப்பு பிறகுதான் வந்தது. எங்கள் நூலகம் சனம் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்த காலத்தில் எரிக்கப்பட்டது. இரண்டும் வேறு வேறு குற்றம். இரண்டையும் ஒட்டினால் இரண்டும் பொய்யாகிவிடும்.

இதோடு ஒரு கோரிக்கை. எரியும் நூலகத்தை இனி எழுதாதீர்கள், வருடத்துக்குப் பத்துக் கதையாவது வருகிறது. வேண்டுமானால் அதன் பக்கத்தில் உள்ளதை எழுதுங்கள். 1981 மே கடைசி வாரத்தில் அங்கிருந்து இரவல் எடுத்த ஒரு புத்தகம் யாரோ ஒருவரின் வீட்டில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டிய திகதி யூனில். கொடுக்க இடமில்லை. அந்த வீட்டுக்காரர் என்ன செய்வார்?

இரண்டாவது வேலை: ஒரு விதியைத் தெரிவுசெய்வது

‘சிந்திக்கத் தடை’, ‘காதலிக்கத் தடை’ என்பவை விதிகள் அல்ல, தலைப்புகள். கையால் தொடக்கூடிய, அளக்கக்கூடிய விதி வேண்டும். உதாரணத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை கொண்டுபோவோம்:

வீட்டு வேலிகள் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் உயரக்கூடாது.

ஏன் வேலி? எங்கள் ஊர் வேலி வெறும் எல்லை இல்லை என்பதால். நட்டால் துளிர்க்கும் கிளுவை, பூவரசு, முள்முருக்குத் தடிகள்தான் கதியால். வரிச்சுப் பிடித்து அடைத்த கிடுகு அல்லது பனையோலை. ஆள் உயரத்துக்கும் மேல். ஒழுங்கையால் போகிறவருக்குக் கூரை முகடு மட்டும் தெரியும். இப்போது பல இடங்களில் மதிலாகிவிட்டது, உயரம் மட்டும் குறையவில்லை. அந்த வேலிக்குப் பின்னால்தான் கிணற்றடி, குளிப்பு முழுக்கு, கொடியில் காயும் துணி, சீதனப் பேச்சு, எல்லாம். அந்த வேலியில்தான் அயலட்டைக்குப் புகுந்து போய்வரும் இடைவெளி, பொட்டு. பொட்டுக்குள்ளால் கைமாறும் கறிக்கிண்ணம். அந்த வேலிக்காகத்தான் ஒரு சாண் கதியால் தள்ளிப் போட்டான் என்று தகப்பன் தொடங்கிய வழக்கை மகன் நடத்துவது.

இப்போது அந்த விதிக்கு ஒரு நியாயம் கண்டுபிடியுங்கள். இதைப் புதியவர்கள் செய்வதேயில்லை. அவர்களுடைய அரசுகள் கெட்டவை என்பதாலேயே கெட்டதைச் செய்கின்றன. உண்மையில் ஆட்களைக் கட்டிப்போடுகிற விதி ஏதோவொரு உண்மையான புண்ணைக் காட்டித்தான் வரும். எங்கள் வேலிக்குப் பின்னால் சாதியும் இருந்தது. யாரை வேலி வாசலான படலைக்கு வெளியே நிறுத்துவது, யாருக்குக் கிணற்றைக் காட்டாமல் மறைப்பது என்பதையும் அந்த வேலி பார்த்துக்கொண்டது. ‘வேலிகள் ஏற்றத்தாழ்வின் சின்னம், வெட்டுவோம்’ என்று உங்கள் அரசு சொல்லட்டும். வாசகர் ஒரு நிமிடம் ‘சரிதானே’ என்று நினைக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் படலைக்கு வெளியே நின்ற ஒருவர் முதல் கத்தி வெட்டுக்குக் கைதட்டினால், அவரைப் பிழை சொல்ல உங்களால் முடியக்கூடாது. அந்த இடத்தில்தான் கதைக்கு உயிர் வருகிறது.

மூன்றாவது வேலை: அறிவித்தலை எழுதுவது

கதையை எழுதுவதற்கு முன் அந்த விதியின் அறிவித்தலை எழுதுங்கள். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியிலோ பிரதேச செயலகத்திலோ ஒட்டியிருக்கிற எந்த அறிவித்தலையும் பார்த்து அதே தொனியில்:

‘பிரதேச மக்களிடையே ஒளிவுமறைவற்ற நல்லுறவைக் கட்டியெழுப்பும் நோக்கில், வீட்டு எல்லை வேலிகளை 24 அங்குலத்துக்கு மேற்படாது பேணுமாறு சகலரும் அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். தவறும் பட்சத்தில் ஏற்படும் செலவினங்களைக் காணி உரிமையாளரே பொறுப்பேற்றல் வேண்டும்.’

இவ்வளவுதான். சாவு, சிறை, துரோகி, எதுவும் இல்லை. வாசிக்கிற காணிக்காரர் என்ன செலவினம் என்று யோசித்துக்கொண்டே கத்தி தீட்டப் போவார்.

நான்காவது வேலை: அளக்க வருகிறவனை உருவாக்குவது

கதையில் மிக முக்கியமான ஆள் இவன். இரும்புத் தொப்பி போட்டவனாக வேண்டாம். அதே ஊர்ப் பொடியன். சாதாரண தரம் முடித்துவிட்டுச் சும்மா நின்றவன். முதல் சம்பளத்தில் தாய்க்குச் சேலை எடுத்துக் கொடுத்தவன். ஊர் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடும். அவனிடம் இரண்டடித் தடி ஒன்று, கார்பன் தாள் வைத்த பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவான். வந்தால் தேத்தண்ணி குடிப்பான். குடித்துக்கொண்டே அளவு எழுதுவான்.

விதிக்கு விலக்கும் வேண்டும். விலக்கு இல்லாத விதிக்கு ஆட்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்கள். விலக்கு இருந்தால் ஒவ்வொருவரும் தனித்தனியாக வரிசையில் நிற்பார்கள். வைத்தியரின் கடிதம் இருந்தால் கிணற்றடிக்கு ஐந்தடித் தட்டி கட்டலாம், ஆறு மாதத்துக்கு. கடிதத்துக்குக் கிராம சேவகர் கையெழுத்து. கையெழுத்துக்கு குடும்பப் பதிவின் பிரதி. பிரதிக்கு இன்னொரு நாள்.

இதை எழுத எங்கேயும் போய் ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை. 1990 முதல் 1995 வரை குடாநாட்டை விட்டு வெளியே போவதற்குப் புலிகளின் பாஸ் வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று பின்னால் ஒருவர் பிணை நிற்க வேண்டும். பிறகு இராணுவத்தின் காலத்தில் கொழும்புக்குப் போக இராணுவத்தின் அனுமதி வேண்டும். இரண்டையும் எடுத்த ஆட்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் ‘எப்படி உணர்ந்தீர்கள்’ என்று கேட்காதீர்கள். அதற்கு ‘கஷ்டம்தான்’ என்று ஒரு சொல்லில் பதில் வரும். வரிசை எந்தப் பக்கமாக வளைந்து நின்றது, வெயிலுக்கு எங்கே ஒதுங்கினார்கள், படிவத்தை யார் நிரப்பிக் கொடுத்தார், அவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், பிணை நிற்கச் சம்மதித்த சித்தப்பாவுக்கு முதல்நாள் என்ன கொண்டுபோனார்கள் என்று கேளுங்கள். பின்னேரம் முழுக்கக் கதைப்பார்கள்.

ஐந்தாவது: அயலில் யாருக்கு லாபம்

சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லைச் சண்டையில் தோற்ற ஒருவரை உங்கள் கதைக்குள் கொண்டுவாருங்கள். விதி வந்த அடுத்தநாளே அவர் மற்றவரின் வேலியை அளக்கத் தொடங்கிவிடுவார். அவருக்கு அரசின் மேல் பற்று ஒன்றும் கிடையாது. முப்பது வருடத்துக் கோபத்துக்கு இப்போது ஒரு அலுவலகம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

காட்டிக்கொடுப்பவரை எழுதும்போது முகமூடி போட்ட தலையாட்டியை அப்படியே தூக்கி வைத்துவிடுகிறார்கள். சுற்றிவளைப்பில் வாகனத்துக்குள் இருந்து தலையை ஆட்டிய அந்த உருவம் யாழ்ப்பாணத்தின் ஒரு தலைமுறைக்கு இன்னும் கனவில் வரும், எனக்குத் தெரியும். ஆனால் முகமூடிக்குள் இருந்தவனுக்கும் கழுத்து வலித்திருக்கும். அவனையும் அடித்துத்தான் கொண்டுவந்து இருத்தியிருப்பார்கள். அந்த வலி இல்லாமல் எழுதினால் அவன் வெறும் சோளக்கொல்லைப் பொம்மை.

ஆறாவது, கடினமானது: ஆளுகிறவர் யார்?

உங்கள் கதை வெளிவந்த உடனே இங்கே ஒரு கேள்வி வரும்: ‘இது ஆமியா, இயக்கமா?’ இராணுவமா, புலிகளா என்பதுதான் கேள்வி. இரண்டு பதிலுமே கதையைக் கொல்லும். வாசகர் தன் பக்கத்தைக் கண்டுபிடித்த கணத்திலிருந்து வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சரிபார்க்கத் தொடங்கிவிடுவார். ஆகவே சீருடையின் நிறம், கொடி, கோஷம் ஆகியவற்றைப் பிரதியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒழுங்கை, கிணறு, வெயில், கதைக்கும் தமிழ், இவை எங்களுடையவையாக இருக்கட்டும்.

ஆனால் அதை ஒளிந்துகொள்ளும் உத்தியாக எடுக்காதீர்கள். வெளியார் வந்து ஒடுக்கினார்கள், நாங்கள் எதிர்த்தோம் என்ற கோடு எழுதச் சுகமானது. எங்கள் வரலாறு அந்தக் கோட்டில் நிற்காது. 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி புலிகள் உத்தரவிட்டார்கள். அந்த உத்தரவு தமிழில் வந்தது. நகரத்தில் மற்றவர்கள் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்குள்ளேயே பல கதைகள் இருக்கின்றன, எழுதப்பட்டவை கொஞ்சம். விடுதலை பேசிய அமைப்புக்குள்ளேயே சித்திரவதை முகாம் எப்படி வந்தது என்பதை அறிய கோவிந்தன் என்ற பெயரில் 1985 இல் வெளிவந்த ‘புதியதோர் உலகம்’ நாவலைத் தேடி வாசியுங்கள். அது எதிர்காலக் கற்பனை இல்லை, நடப்பைச் சொன்ன நாவல். கற்பனை உலகம் கட்டப் போகிறவருக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஏழாவது: கிளர்ச்சியை எந்த அளவில் வைப்பது

இங்கேதான் அதிகம் நிற்கப் போகிறேன், இங்கேதான் எல்லாக் கதையும் சரிகிறது. விதியை இரண்டடி அளவில் வைத்தவர் கிளர்ச்சியை மட்டும் இருநூறு அடிக்கு எழுப்பிவிடுகிறார். ஆயுதக் கிடங்கு, இரகசியத் தலைமை, உரை. இரண்டும் பொருந்தாது.

போரின்போது அரசு குடாநாட்டுக்குப் பொருட்களைத் தடுத்த பொருளாதாரத் தடைக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பற்றரி வரவிடவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். இரவு பிபிசி தமிழோசைக்கு முற்றத்தில் அயலட்டை கூடும். ஒருவர் சுற்றுவார், மற்றவர்கள் கேட்பார்கள். சுற்றுகிறவரின் கை ஓய்ந்தால் செய்தி மங்கும்; ‘சுத்தடா தம்பி, சுத்து’ என்று குரல் வரும். இதற்கு யாரும் போராட்டம் என்று பெயர் வைக்கவில்லை. செய்கிறவர்களும் அப்படி நினைத்துச் செய்யவில்லை. கதைக்குள் வரும் கிளர்ச்சி பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்க வேண்டும்: உடல் களைக்கிற, கூட ஒருவர் தேவைப்படுகிற, பெயர் இல்லாத ஒரு வேலை.

எங்கள் வேலிக்கு வருவோம். இரண்டடி விதி வந்தபின் கிணற்றடியில் என்ன நடக்கும்? இப்படி எழுதிப் பார்க்கலாம்:

விசாலம் விடியப்புறம் மூன்றரைக்குக் கிணற்றடிக்கு வந்தாள். கப்பி கீச்சிடாமல் இருக்க முதல்நாளே தேங்காயெண்ணெய் விட்டிருந்தாள். கயிற்றைக் கைக்குக் கை மாற்றி, வாளி கிணற்றுக்கட்டில் படாமல் இறக்கினாள். தண்ணீர் தலையில் விழுந்தபோது மூச்சை மட்டும் அடக்க முடியவில்லை. பக்கத்து வளவில் யாரோ செருமினார்கள். மணியம் அண்ணை. மாட்டுக்குத் தண்ணீர் வைக்க எழும்பியிருக்க வேண்டும். அவள் ஈரத்தோடு அப்படியே குந்தினாள். செருமல் கொஞ்சம் தள்ளி, மறுபக்கம் பார்த்தபடி இன்னொருமுறை கேட்டது. பிறகு அவர் கோடியில் போய் நின்று, தேவையே இல்லாமல், அவள் குளித்து முடியும்வரை செருமிக்கொண்டே இருந்தார்.

அந்தச் செருமல்தான் வேலி. இப்போது அரசு இதற்குப் பதில் சொல்ல வேண்டும்: இரவில் கிணறு பாவிக்கத் தடை வரலாம், காரணமில்லாமல் சத்தமெழுப்பத் தடை வரலாம். ஒரு விதி தன் ஓட்டையை அடைக்க அடுத்த விதியைப் பெறுகிறது, கதை நகர்கிறது. நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. கதியால்கள் உயிர் மரங்கள். மாரி பெய்தால் கிளுவையும் முள்முருக்கும் தாமாகத் தளிர்க்கும். பொடியன் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அளக்க வருகிறான். விசாலம் ஒன்றும் செய்யவில்லை, வெட்டாமல் விட்டாள், அவ்வளவுதான். ஒன்றும் செய்யாத ஒருத்திக்கு எதிராக என்ன குற்றம் எழுதுவது? தடியை வைத்துக்கொண்டு பொடியன் நிற்கிறான். வேலி ஐந்தடி. தேத்தண்ணி வந்துவிட்டது. அவன் புத்தகத்தில் இருபத்திரண்டு அங்குலம் என்று எழுதுகிறான்.

இனி விலை. கிளர்ச்சிக்கு விலை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அதைச் செய்தவர்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதுவது புதியவரின் பழக்கம். கார்பன் பிரதியில் இருபத்திரண்டு என்று இருக்கிறது. மேலதிகாரி வந்து பார்க்கும்போது வேலி ஆறடி. விசாலத்துக்குச் செலவினம் மட்டும். பொடியனைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். முதல் சம்பளச் சேலையோடு அவன் தாய் விசாலத்தின் படலையில் வந்து நிற்கிறாள். அந்த இரண்டு பெண்களும் என்ன கதைப்பார்கள் என்பதை நான் எழுதித் தரமாட்டேன். அதுதான் உங்கள் கதை.

எட்டாவது: முடிவு

ஆட்சி கவிழ்ந்தது என்று முடிக்க வேண்டாம். வென்றுவிட்டது, எல்லாரும் செத்தார்கள் என்பதும் அதே சோம்பல்தான். காலத்தைத் தாண்டிப் போகும் ஒரு உத்தி இருக்கிறது, பெரியவர்கள் கையாண்டிருக்கிறார்கள். ‘1984’ இன் பின்னிணைப்பு அந்த அரசின் மொழியைப் பற்றி இறந்தகாலத்தில் பேசுகிறது. அந்த அரசு இப்போது இல்லை என்று அதிலிருந்து ஊகிப்பவர்கள் உண்டு. மார்கரெட் அற்வூட் 1985 இல் வெளியிட்ட ‘த ஹாண்ட்மெய்ட்ஸ் ரேல்’ நாவலில் ஒடுக்கப்பட்ட பெண்ணின் கதை முடிந்தபின் 2195 ஆம் ஆண்டுக் கருத்தரங்கு ஒன்று வருகிறது. பேராசிரியர் பகிடி விடுகிறார், சபை சிரிக்கிறது. எனக்கு அந்த நாவலில் மிகப் பயங்கரமான இடம் அந்தச் சிரிப்பு. மனித வரலாற்றில் எங்காவது நடக்காத எதையும் அந்த நாவலில் வைக்கவில்லை என்று அற்வூட் சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டுப்பாட்டை நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்: யாழ்ப்பாணத்தில் யாருக்காவது நடக்காத எந்தச் சம்பவத்தையும் எடுத்துவிடுங்கள். ட்ரோன்கூடத் தப்பும், கண்ணாடிக் கூரை போய்விடும்.

ஒன்பதாவது: வெளியிடும் முன் சட்டம்

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, தெரிந்திருக்க வேண்டும். 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காகக் கைதாகி நான்கு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். 2020 மே மாதம் மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் கைதானார். அவருடைய ‘நவரசம்’ கவிதைத் தொகுப்பை ஆதாரமாகக் காட்டினார்கள். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. கவிதைகளை வாசிக்காமலோ பிழையாக மொழிபெயர்த்தோ ஒருவரைப் பிடிக்கலாம் என்பதற்கு அது சான்று. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கதை எல்லாருக்கும் தெரியும். இணையத்தில் போடுவதானால் 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றியும் விசாரித்து வையுங்கள். கற்பனை உலகம் கவசமாகும் என்று நம்பி உயிரோடிருக்கும் ஒருவரை அடையாளம் தெரியும்படி எழுதாதீர்கள். அது சட்டத்துக்காக மட்டும் சொல்வதில்லை, அயலுக்காகவும்தான். எழுதியதற்குத் திகதியிட்ட பிரதி ஒன்று வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

கடைசி வேலை: இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டுவது

அந்தக் காலத்தை முழுவதுமாக வாழ்ந்த ஒருவர், 2009 க்குப் பிறகு பிறந்த ஒருவர். இருவரையும் வேறு வேறாக இருத்தி உரத்து வாசியுங்கள். வாசித்து முடித்து அபிப்பிராயம் கேட்க வேண்டாம், வாசிக்கும்போதே பக்க ஓரத்தில் குறியுங்கள். பெரியவர் எங்கே சிரிக்கிறாரோ அந்த வரியில் கை வைக்காதீர்கள். எங்கே ‘அப்பிடி இல்லையடா, லைனிலை நிக்கேக்கை ஐசியைக் கையிலைதான் பிடிக்கோணும், பொக்கற்றுக்குள்ளை வைக்கக்கூடாது’ என்று இடைமறிக்கிறாரோ, அதை அப்படியே கதைக்குள் போடுங்கள். சின்னவர் ‘ஏன் எல்லாரும் சேர்ந்து மாட்டம் எண்டு சொல்லேல்லை?’ என்று கேட்பார், கட்டாயம் கேட்பார். அந்த இடத்தில் விளக்கம் எழுதாதீர்கள். ஒரு பக்கம் பின்னுக்குப் போய், விலக்குக் கேட்டு வரிசையில் நிற்கும் ஆட்களில் இன்னும் ஒருவரைக் கூட்டுங்கள். கையில் வைத்தியரின் கடிதத்தோடு, முன்னால் நிற்கிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு.